டவுன்ஷிப் என்றால் நகரம் இல்லை

நெய்வேலி, கல்பாக்கம் என்று பழகிய நமக்கு டவுன்ஷிப் என்றதும் வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ்தான் கண்முன் வரும். அமெரிக்காவின் ஒஹையோ, இண்டியானா, மினசோட்டா பக்கம் அர்த்தமே வேறு. சோளக்காடு, சோயா வயல், ஒரு சரளைச் சாலை, ஒரு கல்லறைத் தோட்டம். டவுனே இருக்காது. அங்கே வீடு வாங்கும் நம்மவர்களில் சிலர் வரிச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்து, ஏதோ முகவரி என்று விட்டுவிடுகிறார்கள். அது ஓர் உள்ளாட்சி. வரி போடும் உள்ளாட்சி.

டவுன்ஷிப் பிறந்தது நிலம் அளக்கும் சங்கிலியில். 1785 நிலச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு கட்டம். அதற்குள் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அளந்தது 66 அடி, 100 லிங்க் (கண்ணி) கொண்ட கன்டர் (Gunter) சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். நம் சென்ட் கணக்கும் இதே சங்கிலியில் வந்ததுதான்: 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். 1796 முதல் எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி, ஏர் மாடு போய்த் திரும்புவதுபோல மேற்கே போய்க் கிழக்கே திரும்பி, தென்கிழக்கில் 36-ல் முடியும். 16-ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. அந்த மண்ணில் யார் வாழ்ந்தார்கள் என்பதைச் சங்கிலி கேட்கவில்லை. ஷானி, மயாமி, டெலவேர் பூர்வகுடி மக்கள் 1795 கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஒஹையோவின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

காகிதத்தில் சதுரம், தரையில் அப்படி இல்லை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். அந்தக் குறையையும் அளவைப் பிழையையும் வடக்கு, மேற்கு ஓரத்து 11 செக்‌ஷன்களில் தள்ளிவிட்டார்கள். அந்த ஓரத்தில் நிலம் வாங்குகிறவர்கள் 640-ஐ வைத்துக் கணக்குப் போடாமல் மூல அளவை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்கு ஒஹையோவிலோ ஐந்து மைல் கட்டம். இந்தக் கணக்கே செல்லாது.

நிர்வாகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹையோவில் மூன்று டிரஸ்டிகள் (மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிகள்), ஒரு நிதி அலுவலர், நான்காண்டுப் பதவி. இண்டியானாவில் ஒரே டிரஸ்டி, மூன்று பேர் குழு. ஏழைகளுக்கான உதவியும் அவர் கையில். மினசோட்டாவில் மார்ச் இரண்டாம் செவ்வாயன்று ஊர் கூடி, எவ்வளவு வரி வசூலிப்பது என்று வாக்களிக்கும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. வரியை முடிவு செய்ய முடியாத கூட்டத்துக்கு எவ்வளவு பேர் வந்தாலும் அது மனுக் கொடுக்கும் இடம்தான்.

ஒஹையோவில் டவுன்ஷிப்புக்கு வருமான வரி போடும் அதிகாரம் கிடையாது, சொத்து வரியே முக்கிய ஆதாரம். அதைச் சொல்வது மில் கணக்கில். ஆயிரத்துக்கு ஒரு டாலர். சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. ஆக, ஒரு லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு மில் என்றால் 35 டாலர், தள்ளுபடிகளுக்கு முன்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கச் சாலைக்குப் போனால் போதும். சரளைச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரம் வரை அடிக்கு அரை அங்குலம் கேம்பர், அதாவது சரிவு, வேண்டும். 20 அடிச் சாலையில் நடு, ஓரத்தைவிட ஐந்து அங்குலம் உயரம். சாலையை வழித்துச் சமன்படுத்தும் கிரேடரை ஓட்டுகிறவர் ஓரத்தில் சரளையை வரப்பாக விட்டுப்போனால் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்காமல் சாலையிலேயே ஓடி அரிக்கும். அலை அலையாகத் துருத்திய இடத்தில் புதுச் சரளை கொட்டுவது பணத்தைக் கொட்டுவது. ஈரம் இருக்கும்போது பள்ளத்தின் அடிவரை வெட்டி மறுபடி பரப்ப வேண்டும். பனி உருகும் காலம் இன்னும் மோசம். மேல்மண் இளகியிருக்கும், அடிமண் உறைந்தே இருக்கும், நீர் இறங்க வழியில்லை. அப்போது தானிய லாரியை விட்டால் ஒரு வாரத்தில் சாலை கூழாகும். எடைக் கட்டுப்பாட்டுப் பலகை சரியான நாளில் ஏறியதா என்பதை வைத்தே ஒரு டிரஸ்டியை எடைபோடலாம்.

டவுன்ஷிப்பையே கலைத்து, நம் மாவட்டம் போன்ற கவுண்டியோடு சேர்த்துவிடலாம் என்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. ஏழைகளுக்கான உதவி ஒரு தனி மனிதரின் முகம் பார்த்து நிற்கக் கூடாது. அது கவுண்டிக்குப் போகட்டும். கிரேடரும், எந்தக் கல்வெர்ட் எந்த மழைக்கு அடைக்கும் என்று தெரிந்த ஆளும், வரிக்கு வாக்களிக்கும் கூட்டமும் அங்கேயே இருக்கட்டும்.