"அஞ்சு மாசத்துல 17 கிலோதானா?" நல்லாக் கேட்டீங்க போங்க

அந்தக் கல்யாணப் பந்தி வீடியோவை நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. எல்லாரும் பார்த்தாச்சு, சிரிச்சாச்சு, அடுத்த குரூப்புக்கும் தள்ளியாச்சு. பெண்ணோட சித்தி, எடை குறைய இரைப்பை ஆபரேஷன் செய்து அஞ்சு மாசம் ஆனவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உறவுக்காரத் தம்பி போனை முகத்துக்கு நேரா நீட்டி, "எவ்ளோ குறைஞ்சுது சித்தி?" என்கிறார். "17 கிலோப்பா." "17தானா? எங்க ஆபீஸ் பையன் அதே அஞ்சு மாசத்துல 40 கிலோ குறைச்சிட்டான்!" பந்தியே சிரிக்கிறது.

அந்தச் சித்தி அதற்குக் கீழே பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். வயது 52, உயரம் 158 செ.மீ., ஆபரேஷன் அன்று 104 கிலோ, 12 வருஷமாகச் சர்க்கரை, தைராய்டு மாத்திரையும் உண்டு, செய்தது ஸ்லீவ், அதாவது இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்குகிற ஆபரேஷன். இத்தனையும் எழுதிய பிறகும் அதற்கடியில் வந்து விழுந்த பதில்: "காசு தண்டம்."

அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். சிரிச்சவங்க முழுக்கப் படிக்கணும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 104 கிலோவில் 17 போனால், மொத்த எடையில் 16 சதவீதம். அவர் உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு) 25 வர வேண்டுமென்றால் 62 கிலோ சுமார். ஆக, கூடுதலாக இருந்தது 42 கிலோ. அதில் நாற்பது சதவீதம் அஞ்சு மாசத்தில் போயிருக்கிறது. ஸ்லீவில் எடை குறைவது ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரை நடக்கிற விஷயம். பெரும்பாலும் முதல் வருஷ முடிவில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை இறங்கும். இவர் கொஞ்சம் மெதுவாகப் போகிறார், அவ்வளவுதான். பாதி வழியில் இருக்கிற பஸ்ஸைப் பார்த்து ஏன் இன்னும் ஊர் வரலை என்று கேட்கிற கதை இது.

அந்த ஆபீஸ் பையன்? 24 வயசு, 148 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ என்பது 27 சதவீதம். ஆண், இளவயசு, தசை அதிகம், உட்கார்ந்திருந்தாலே அதிகம் எரியும் உடம்பு, சர்க்கரை இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, மாதவிடாய் நின்றவர்களுக்கு, நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை மெதுவாகத்தான் இறங்கும். கிலோவைக் கிலோவோடு ஒப்பிடுவதே தப்பு. சதவீதத்தை ஒப்பிட்டாலும், அதே வயது, அதே நோய், அதே ஆபரேஷனோடு ஒப்பிட வேண்டும். மெதுவாகக் குறைவது என்றால் குறையவில்லை என்று அர்த்தம் இல்லை. இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் எழுதியதில் இன்னொரு வரியும் இருந்தது. ஒரு நாளைக்கு 40 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். அதற்கு ஒரு லைக் கூட இல்லை. தராசு காட்டாத எதுவும் நமக்குக் கண்ணில் படாது போல.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மூணாவது வாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நிறைய பேரை அழவைக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு திரவ உணவு, பின்பு தெளிந்த சூப்பு என்று இருக்கும்போது, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து தீர்ந்துபோகும். ஒரு கிராம் கிளைகோஜனோடு கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். அது போகும்போது எடை சரசரவென்று இறங்கும். எல்லாரும் ஆகா என்பார்கள். பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திரும்ப நிரப்பும், தண்ணீரும் திரும்பி வரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தராசு முள் பத்து நாள், சிலருக்கு மூணு வாரம், அசையாது. "டாக்டர் சரியா வெட்டலையோ" என்ற சந்தேகம் வருவது இந்த நேரத்தில்தான். சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாயிற்று, மீதி வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். உங்கள் சமையல்கட்டு டம்ளரில் முக்கால் அளவுகூடப் பிடிக்காது.

அதனால் தினமும் தராசில் ஏறாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் கழிவறை போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல், அதே நைட்டியோடு. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறிக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தையல்காரர் வைத்திருக்கும் நாடாவை வாங்கி, தொப்புள் மட்டத்தில் சுற்றளவை எழுதி வையுங்கள். முள் நின்ற வாரத்தில்கூட நாடா இறங்கும்.

இப்போது "அப்ப அவங்க பக்கம் தப்பே இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு. இது நியாயமான கேள்வி. இருக்கலாம், நிறைய இருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு நீங்கள் நினைக்கிற "வாயைக் கட்டலை" இல்லை.

ஒரு அம்மா எழுதி வந்த உணவு நோட்டைப் பாருங்கள். ஆபரேஷன் ஆன மூணாவது மாசம், எடை நின்றுபோச்சு என்று உணவு ஆலோசகரான என்னிடம் வந்தார். காலை ஒரு இட்லி, ரெண்டு கரண்டி சாம்பார். மதியம் அரைக் கிண்ணம் குழைந்த ரசம் சாதம். ராத்திரி ஒரு தோசை. நடுவில் "டீ" என்று அஞ்சு இடத்தில் எழுதியிருந்தது, ரெண்டு இடத்தில் அதன் பக்கத்திலேயே "2 பிஸ்கட்". பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும், இவ்வளவு கம்மியாகச் சாப்பிடுகிறாரே என்று. கூட்டிப் பாருங்கள். கெட்டிப்பால், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ நூறு கலோரிக்குப் பக்கம். அஞ்சு டீ ஐந்நூறு. புரதமோ, பாலில் இருப்பதையும் சேர்த்து 30 கிராமைத் தாண்டாது. அவருக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம்.

இட்லி ஒன்றில் இருப்பது ரெண்டு கிராம் புரதம். முட்டையில் ஆறு. அந்தக் குழாய்க்குள் இடமே கொஞ்சம்தான், அந்த இடத்தை இட்லிக்குக் கொடுத்தால் புரதம் எங்கே உட்காரும்? ரெண்டு முட்டை 12, மதியம் 75 கிராம் மீன் 15, சாயங்காலம் 50 கிராம் பன்னீர் 9, ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல் 4, டாக்டர் எழுதிக்கொடுத்த புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் 20க்கு மேல். 60 வந்துவிட்டது. சைவம் என்றால் மீனுக்குப் பதில் சோயா உருண்டை, காய்ந்த எடையில் 30 கிராம் எடுத்து ஊறவைத்துப் பிழிந்து சமைத்தால் 15 கிராம் கிடைக்கும். சாப்பிடும் வரிசை: முதலில் புரதம், அப்புறம் காய், இடம் மிச்சம் இருந்தால் ரெண்டு வாய் சாதம். நம்ம பந்தி இதற்கு நேர் எதிர். முதலில் இனிப்பு, கடைசி வரை சாதம்.

வழுக்கிக்கொண்டு போகும் சாப்பாடுதான் பெரிய எதிரி. பாயசம், ஐஸ்கிரீம், டீயில் தோய்த்த பிஸ்கட், வாயில் வைத்ததும் கரையும் முறுக்கு, மிக்சர். இதெல்லாம் குழாயில் நிற்காது, வயிறு நிறைந்த உணர்வும் வராது. சிக்கன் துண்டு ஒன்றுக்கு மேல் இறங்காதவருக்கு மிக்சர் நூறு கிராம் இறங்கும், அது ஐந்நூறு கலோரி. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாலும் இதே கதைதான், கெட்டி உணவைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர், அதுவும் மடக்கு மடக்காக. நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது.

இன்னொரு பிழை யார் கண்ணிலும் படாது: மாத்திரை. தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூன்றையும் "மறந்துடும்" என்று காலையில் ஒரே கையில் போட்டு விழுங்குவார்கள். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்எச் அளவு ஏறும், எடை நிற்கும், பழி "வாயைக் கட்டலை" மேல். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, காபி டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. பதினோரு மணிக்கு இரும்பு, அந்த நேரத்தில் டீ கூடாது. மதியம் ஒரு கால்சியம், ராத்திரி ஒன்று, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் அளவில். மனநல மாத்திரைகள் சில, ஸ்டீராய்டு, சர்க்கரைக்குப் போடும் பியோகிளிட்டசோன், இன்சுலின் இவையும் எடையைப் பிடித்து நிறுத்தும். தானாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். இத்தனையும் சரிபார்த்த பிறகுதான் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி, இரைப்பையின் மேல்பகுதி மீந்துபோய் விரிந்திருக்கிறதா என்ற கேள்வி. எடுத்ததும் "ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் நோட்டை எடுத்துக்கொண்டு வேறொருவரிடமும் கேளுங்கள்.

"வாக்கிங் போயிருந்தா ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காதே" என்று சிலர். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்யாத பருமனானவர்களின் எடை வருஷக்கணக்கில் ரெண்டு சதவீதம் ஏறி இறங்கி அங்கேயேதான் நின்றது. இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் 25 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்கு மேல் வாக்கிங்காரர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. உங்கள் வாக்கிங்குக்கு வாழ்த்துகள்.

"நீங்க உணவு ஆலோசகர், உங்க பிழைப்புக்குத்தானே பேசறீங்க?" ஆமாம். பிழைப்பே இதுதான்.

"அக்கறையிலதானே கேட்டான்." இதுதான் என்னை எழுத வைத்த வரி. அக்கறை இருந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சாப்பாடு இறங்குதா? வாந்தி வருதா? கால் மரத்துப்போகுதா? பி12 வைட்டமின் எடுத்துக்கறீங்களா? அந்த அக்கறை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியுமா? ஆபரேஷன் ஆனவர்கள் "இன்னும் குறையணும்"னு புரதத்தையும் விட்டுவிட்டு வெறும் கஞ்சித் தண்ணியில் இறங்குவார்கள். இப்போது முள் ஓடும், எல்லாரும் கைதட்டுவீர்கள். ஓடுவதில் தசையும் சேர்ந்து ஓடும். முடி மூணாவது மாசம் ஏற்கெனவே உதிரும், இப்போது கொத்தாக வரும். வேகமாக இறங்குகிறவர்களுக்குத்தான் பித்தப்பையில் கல் அதிகம் வருகிறது, அதனால்தான் ஆறு மாசத்துக்கு அதற்கொரு மாத்திரை எழுதுகிறார்கள். வேகம் வேகம் என்கிறீர்களே, வேகத்துக்கு விலை இது.

அதைவிடப் பயமான ஒன்று. வேகமாகச் சாப்பிட்டால், மெல்லாமல் விழுங்கினால், நெஞ்சில் அடைத்து நுரை நுரையாக எச்சிலாய் வரும். எப்போதோ ஒருமுறை என்றால் பரவாயில்லை. ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து வாந்தி என்றால் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்துபோகும். பார்வை ரெண்டு ரெண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். வீட்டில் "சாப்பிடாம கிறுகிறுப்பு" என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அங்கேதான் ஆபத்து. தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். எந்த ஊர் கிளினிக்காக இருந்தாலும், "இரைப்பை ஆபரேஷன் ஆனவங்க, முதல்ல தயமின் போடுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஆனால் ஆபரேஷன் ஆன சிலர் ஏன் தொடர் பரிசோதனைக்கே வருவதில்லை தெரியுமா? ஆறாவது மாசம், பன்னிரண்டாவது மாசம் என்று வரச்சொன்ன தேதியில் ஆள் இருக்காது. போன் செய்தால், "இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சதும் வரேன் மேடம், இப்படியே வந்து நிக்கக் கூச்சமா இருக்கு." ரத்தசோகையோ, பி12 குறைவோ, டிஎஸ்எச் ஏற்றமோ கண்டுபிடிக்க வேண்டிய தேதியில், எடை குறையாததற்காக வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வெட்கத்தைப் பந்தியில் வைத்து ஊட்டிவிட்டது யார்? இதில் சில மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. "முன்பு, பின்பு" என்று ஜோடிப் படம் போடுகிறார்களே, அதில் என்றைக்காவது 52 வயது, சர்க்கரை, தைராய்டு உள்ள ஒரு அம்மாவின் அஞ்சாம் மாசப் படம் வந்திருக்கிறதா? 24 வயசுப் பையன் பழைய பேன்ட்டின் ஒரு காலுக்குள் நின்று சிரிக்கும் படம் மட்டும்தான்.

நிறைய எழுதிவிட்டேன், கோபம் இன்னும் தீரவில்லை. அந்த வீடியோவில் கடைசி நாலு நொடியை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் சித்தி இலையை மூடுகிறார். நிறுத்திப் பாருங்கள். பன்னீர் வைத்த இடம் காலி. பொரியலில் பாதி போயிருக்கிறது. சாதத்தில் ஓரமாக ஒரு சின்னக் குழி. பாயசக் கப் வைத்தது வைத்தபடி. தண்ணீர் பாட்டில் மூடியே திறக்கவில்லை.