துணியால் துடைக்கிற சென்சாரா அது?

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் புரோபாக்ஸ் காருக்கு வருஷம் தவறாமல் சர்வீஸ் செய்கிறேன். ஆயில் மாற்றுவார்கள், ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துக் காற்றடிப்பார்கள், பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அதே ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற காற்றளவு சென்சாரை ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்ததுண்டா? கிடையாது!

ரங்கூனில் மழை விட்டால் அடுத்த மழை வரைக்கும் புழுதிதான். ஃபில்டரைத் தாண்டிப் போகிற பொடித்தூசி அந்தச் சென்சாரில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே முடி மாதிரிக் கம்பி, அதில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு கண்ணாடி மணி. மின்சாரம் அதைச் சூடாக்கும், போகிற காற்று குளிரவைக்கும். சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வண்டி காற்றை அளந்து பெட்ரோல் விடுகிறது. தூசி மூடினால் கணக்கு தப்பும், வண்டி இழுக்காது.

இழுக்காவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். 1970லிருந்து இந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பானிலிருந்து வந்த நம் வண்டிகளுக்கோ ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது தெரியாது. பெகு ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து “போப்பா, ஒண்ணும் வரல” என்றார். மிதித்தேன். வண்டி முனகியது, நகரவில்லை. அதற்குள் எதிரே பஸ்! அம்மாவின் கை நடுங்கியது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பட்டறையில் ஸ்கேன் செய்தால் பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிற கோட். காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கோட் வரும். அதைப் பார்த்தார்களா? இல்லை. சென்சாரைக் கழற்றினார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் ஆயில் துணியை உள்ளே விட்டு ஒரு துடை. கம்பி போச்சு.

“பழசு தம்பி, எப்படியும் போயிருக்கும். புதுசு போட்டுக்கலாம்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் மெக்கானிக்! நீங்கள் உடைத்ததற்கு நான் ஏன் அண்ணே பணம் கொடுக்க வேண்டும்? அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கியிருப்பேன். அந்தச் சென்சாருக்கென்றே ஸ்ப்ரே இருக்கிறது. இக்னிஷனை அணைத்துச் சென்சாரைக் கழற்றி, கம்பியைத் தொடாமல் தள்ளி நின்று பத்துத் தடவை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. துணி கூடாது, விரல் கூடாது. கையில் கிடைத்த பிரேக் க்ளீனரும் கூடாது. கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது, அதுவும் கம்பியை அறுத்துவிடும். நாள் முழுக்க எஞ்சினில் கை வைக்கிறவர்களுக்கு இது தெரியாதா?

புது சென்சார் போட்டாயிற்று, ஸ்ப்ரேயும் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டேன். இனி அந்த இரண்டு ஸ்க்ரூவில் என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.