முதலில் கைமாறுவது விளையாட்டுப் பக்கம்தான்
தமிழில் விளையாட்டுக்கென்று தனி நாளிதழ் வந்தால் வாங்க ஆள் இருக்காது என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் போகும் டீக்கடையில் காலையில் பேப்பரைப் பிரித்துப் போட்டதும் முதலில் கைமாறுவது விளையாட்டுப் பக்கம்தான். இத்தாலியில் இளஞ்சிவப்புத் தாளில் வரும் லா கெசெட்டா டெல்லோ ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகை 1896-லிருந்து ஓடுகிறது. 1909-ல் ஜிரோ சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கி வைத்ததே அந்தப் பத்திரிகைதான். தன் ஊர் ஆட்டத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டது. இங்கே பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பிறகுதான் இதே மாவட்டத்துக்காரனான எனக்கே அவர் பெயர் தெரிந்தது. சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிய காலத்து ஆட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை. ஓமலூர் பக்கம் நடக்கும் கபடிப் போட்டியின் ஸ்கோரை மறுநாள் அச்சில் போடட்டும், முதல் ஆளாக நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.