கடலுக்குள் கடல், ஏரிக்குள் மதகு

சனிக்கிழமை சாயங்காலம் என் டியூஷனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேப் பயிற்சி. குடியாத்தம் கடைத்தெருவில் வாங்கி வந்த ஐரோப்பா அவுட்லைன் மேப்பைத் தரையில் விரித்து, ஆறு பேரும் மத்தியதரைக் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "இத்தாலிக்கு வலது பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், இடது பக்கம் டைரீனியன் கடல், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவில் ஏஜியன் கடல், குறித்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பையன் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் ஒரே தண்ணிதானே மிஸ்? கோடு எங்க போடறது? நடுவுல கரை ஏதாச்சும் இருக்குதா?"

பரீட்சைக்குப் பெயரை எழுதினால் போதும் என்ற பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த பதில் அதுதான். ஆனால் அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் எங்கள் ஊர் ஏரியிலேயே இருந்தது.

எங்கள் ஏரி பெரிய ஏரி ஒன்றும் கிடையாது. காவேரிப்பாக்கம் ஏரியோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குத்தான் வரும். ஆனாலும் அந்த ஒரு தண்ணீருக்குள் எத்தனை பெயர்! மதகுப் பள்ளம், கோடி ஓரம், வண்ணாந்துறை, கன்னிமார் மேடு, பனமரத்தாண்ட. ஏரி நிரம்பிய வருஷத்தில் எங்கள் ஆயா சொல்வது இன்னும் காதில் இருக்கிறது: "குளிக்கிறதுன்னா கன்னிமார் மேட்டாண்ட எறங்குங்க. மதகாண்ட மட்டும் போவாதீங்க." மேட்டுப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், அடியில் மணல். மதகுப் பள்ளத்தில் ஆள் முழுகும் ஆழம், அடியில் சேறு, மதகைத் திறந்திருந்தால் இழுப்பும் உண்டு. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பளபளப்பு. எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்பதைப் பெயர்தான் சொன்னது. ஆழத்தை யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை, பெயராக வைத்திருந்தார்கள். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கோடி வழியாக வழிந்தால் மொத்த ஊரும் ஓடி நின்று பார்ப்பது எங்கே? கோடி ஓரத்தில்தான். இந்தப் பெயர்களுக்கு நடுவில் எந்தக் கரையும் இல்லை. இதைத்தான் பையனிடம் சொன்னேன். "ஆமாம் மிஸ், எங்க ஏரியிலயும் மதகு ரெண்டு இருக்குது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் அந்த வகுப்பு அரை மணி நேரம் ஏரிகளிலேயே போய்விட்டது.

மத்தியதரைக் கடலும் அப்படித்தான். 25 லட்சம் சதுர கிலோமீட்டர் தண்ணீர். வெளியே அட்லாண்டிக் பெருங்கடலுக்குப் போக ஜிப்ரால்டரில் வெறும் 14 கிலோமீட்டர் அகல வாசல். இதற்குள்ளே அல்போரான், பலேரிக், லிகூரியன், டைரீனியன், ஏட்ரியாட்டிக், அயோனியன், ஏஜியன் என்று அடுக்கடுக்காகக் கடல்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். ஏட்ரியாட்டிக்கின் வடக்குப் பகுதி ஆழமே இல்லாதது, பெரும்பாலும் 50 மீட்டருக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் மலையிலிருந்து 'போரா' என்ற காற்று அதன் மேல் பாய்ந்து இறங்கும். அதே தண்ணீர் தெற்கே வந்து அயோனியன் கடலாகும்போது, மத்தியதரைக் கடலிலேயே மிக ஆழமான இடம் அங்கேதான் இருக்கிறது, 5,000 மீட்டருக்கும் மேல். மேட்டாண்ட இடுப்பளவு, மதகாண்ட ஆள் முழுகும் ஆழம். கணக்கு ஒன்றுதான்.

கதை அதோடு நிற்கவில்லை. ஏஜியன் கடலுக்குள்ளேயும் இன்னும் சின்னக் கடல்கள் இருக்கின்றன: வடக்கே திரேசியன், தெற்கே கிரீட் கடல், மேற்கே மிர்ட்டோவன், கிழக்கே இக்காரியன். பெருங்கடலுக்குள் கடல், கடலுக்குள் கடல், அதற்குள்ளும் ஒரு கடல். மெழுகு இறக்கை கட்டிப் பறந்து, சூரியனுக்குப் பக்கத்தில் போய் விழுந்தவன் இக்காரஸ். அவன் விழுந்த தண்ணீர் அவன் பெயரை வாங்கிக்கொண்டது. மகன் இறந்துவிட்டான் என்று தப்பாக நினைத்துக் கடலில் குதித்த அரசன் ஏஜியஸ் என்றும், அவன் பெயர்தான் ஏஜியன் என்றும் கிரேக்கர்கள் கதை சொல்வார்கள். ஒரு அப்பன் பெயரில் ஒரு கடல், அதற்குள்ளேயே ஒரு பிள்ளை பெயரில் இன்னொரு கடல். வேறு வேறு குடும்பம், வேறு வேறு துக்கம். இதைக் கேட்டபோது எந்தப் பிள்ளையும் கொட்டாவி விடவில்லை. வெறும் பட்டியலாகப் படித்திருந்தால் விட்டிருக்கும்.

ஏட்ரியாட்டிக்கின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏட்ரியா என்ற துறைமுக ஊரின் பெயரில் வந்த கடல் அது. இத்தாலியின் 'போ' என்ற ஆறு நூற்றாண்டுக் கணக்கில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியதில் கடல் பின்வாங்கிவிட்டது. இன்றைக்கு அந்த ஊர் கடற்கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. ஊருக்குக் கடல் இல்லை, ஆனால் கடலுக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புரியும். ஆற்காடு நவாபுகள் போய் இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. மாவட்டத் தலைமையிடம் 1911 வரை சித்தூர், அதற்குப் பிறகு வேலூர். ஆனாலும் வெகுகாலம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடாகவே இருந்தது. 1989இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019இல் ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் பிரித்தார்கள். எங்கள் ஆயா கடைசி வரை கல்யாணப் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், "பொண்ணு வட ஆற்காடா, தென் ஆற்காடா?" என்றுதான் கேட்பார்.

சரி, கடலுக்குக் கோடு போடுவது யார்? மொனாக்கோவிலிருந்து இயங்கும் சர்வதேச நீரளவை அமைப்பு ஒன்று உண்டு. கப்பல் வரைபடங்களை ஒழுங்கு செய்யும் அமைப்பு. பெருங்கடல்கள், கடல்களின் எல்லைகளைப் பட்டியல் போட்டு 1928இல் முதல் பதிப்பு கொண்டுவந்தார்கள். 1953இல் வந்த மூன்றாம் பதிப்புதான் இன்றுவரை கடைசி. அதில் எல்லாம் கோடுகள்தான்: அல்பேனியாவில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் தொடங்கி, கோர்ஃபூ தீவு வழியாக, இத்தாலியின் குதிகால் முனை வரை ஒரு கோடு. அதற்கு வடக்கே ஏட்ரியாட்டிக், தெற்கே அயோனியன். பையன் கேட்ட கோடு இதுதான். இக்காரியன் கடல் அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்காக அந்தக் கடலில் இருக்கும் இக்காரியா தீவுக்காரர்கள் பெயரை விட்டுவிடவில்லை.

நான்காம் பதிப்பு ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் பெயர்தான். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருப்பதை ஜப்பான் 'ஜப்பான் கடல்' என்கிறது, கொரியா 'கிழக்குக் கடல்' என்கிறது. பல பத்தாண்டுப் பேச்சுக்குப் பிறகு 2020இல், புதிய டிஜிட்டல் பட்டியலில் கடல்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். சண்டை தீர எண் உதவலாம். ஆனால் எண்ணைச் சொல்லி எந்த ஆயாவும் பேரனிடம் 'அங்கே இறங்காதே' என்று சொல்ல முடியாது. 2012இல் பிலிப்பைன்ஸ் தன் பக்கத்துத் தென்சீனக் கடலுக்கு 'மேற்குப் பிலிப்பைன்ஸ் கடல்' என்று அரசாணையே போட்டது. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வேலைக்குப் போயிருக்கும் வளைகுடா, ஈரானுக்குப் 'பாரசீக வளைகுடா', அக்கரையில் இருக்கும் அரபு நாடுகளுக்கு 'அரபு வளைகுடா'. ஒரு கடலுக்குப் பெயர் வைப்பது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்கவில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கரையே இல்லாத கடலும் ஒன்று உண்டு. அட்லாண்டிக்கின் நடுவில் சர்காசோ கடல். எந்த நாட்டையும் தொடாது. நாலு பக்கமும் நாலு நீரோட்டங்கள் சுற்றி ஓட, நடுவில் பாசி மிதக்கும் அமைதியான தண்ணீர். சர்காசம் என்பது அந்தப் பாசியின் பெயர். ஓடுகிற தண்ணீரே நிற்கிற தண்ணீருக்குக் கரை.

இப்போது நம்ம கடலுக்கு வருகிறேன். வேலூரிலிருந்து சென்னைக் கடற்கரை சுமார் 140 கிலோமீட்டர். கடல் நமக்குத் தூரம் என்றுதான் தோன்றும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் டிவி செய்தியில் வானிலை வரும்போது வீட்டில் எல்லோரும் ஏன் பேச்சை நிறுத்துகிறோம்? 'அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்றால் இன்னும் சில நாள் இருக்கிறது, காயப்போட்டதை எடுக்க அவசரம் இல்லை. 'குமரிக்கடல்' என்றால் அது பெரும்பாலும் தெற்கு மாவட்டங்களுக்கு. 'தென்மேற்கு வங்கக்கடல்' என்று சொன்னால்தான் எங்கள் காது விறைக்கும். 2021 நவம்பர் 19 அதிகாலை அந்தத் திசையிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரை கடந்தது. பாலாற்றில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்று பெரியவர்கள் சொன்ன வெள்ளம் அப்போது வந்ததுதான். குடியாத்தம் நடுவே ஓடும் கவுண்டன்ய மகாநதியும் கரை தெரியாமல் ஓடியது. அத்தனை நாளும் மணலாகக் கிடந்த ஆற்றைப் பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறம், இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை. கடலுக்குள் இருக்கும் சின்னப் பெயர்கள் கடலே இல்லாத ஊருக்கும் வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

என் ஆதங்கம் எதில் என்றால், ராமேஸ்வரத்துக்கு இருபுறமும் இருக்கும் தண்ணீரில். வரைபடத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் என்பது ராபர்ட் பாக், 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். அவர் காலத்தில் ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா. நவாபின் பெயர் நம்ம வாலாஜாபேட்டையில் நின்றது, கவர்னரின் பெயர் கடலில் நின்றது. ஆனால் அந்தக் கரையில் மீன் பிடிப்பவர்கள் அதை வடகடல், தென்கடல் என்கிறார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள். தென்கடல் போகப்போக ஆயிரம் மீட்டரையும் தாண்டி இறங்குவது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் இரண்டும் மாறும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வலை வீசுவது என்பது முழுக்க அந்த இரண்டு பெயருக்குள் இருக்கிறது. 1953 பட்டியலை எடுத்துப் பாருங்கள்: வங்கக்கடலுக்கும் இலட்சத்தீவுக் கடலுக்கும் இடையே கோடு போட்டிருப்பது, இந்த இரண்டு கடலுக்கும் நடுவே ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைப் பக்கம் நீளும் சேது மணல்திட்டின் மேல்தான். அளந்து போட்ட கோடும், மீனவர் தோணியில் இருந்து பார்த்துப் பிரித்ததும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்படியிருக்க, நான் பாடம் நடத்தும் எந்த மேப்பிலும் வடகடல், தென்கடல் என்ற பெயரை நான் பார்த்ததில்லை. பாக் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. கப்பல்காரர்களுக்கும் வானிலைக்காரர்களுக்கும் அது வேண்டும். பக்கத்தில், சின்ன எழுத்தில், கரைக்காரர் பெயரும் இருக்கட்டும் என்கிறேன். டைரீனியன் என்பது பழைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த மக்களின் பெயரை நம் பிள்ளைகள் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதப் பழகும்போது, இன்றைக்கும் விடியற்காலையில் பாம்பனில் படகு தள்ளுகிறவர் சொல்லும் பெயரை ஏன் தெரிந்துகொள்ளக்கூடாது? அந்தக் கடலில் கடற்புல் மேய்ந்து வாழும் கடல்பசுவை அங்கே ஆவுளியா என்பார்கள். 2022இல் அதற்காகவே பாக் விரிகுடாவில் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். அந்தப் பெயரையும் பிள்ளைகள் வகுப்பில் கேட்கட்டும்.

அந்த ஆறு பேரின் மேப்பும் இப்போது என் மேசையில் இருக்கிறது. கேள்வி கேட்ட பையன் ஏட்ரியாட்டிக்குக்குக் கீழே பென்சிலால் புள்ளிக்கோடு போட்டிருக்கிறான், கரைக்கு வேறு கோடு, கடலுக்கு வேறு கோடு என்று தானாகவே முடிவு செய்துகொண்டான். அடுத்த சனிக்கிழமை தமிழ்நாடு மேப். ராமேஸ்வரம், பாம்பன், தொண்டி, தூத்துக்குடி பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கரையில் தண்ணீரின் எந்தெந்தப் பகுதிக்கு என்னென்ன பெயர், எங்கே ஆழம், எங்கே பார் (கடலடிப் பாறை), எந்தக் காற்றில் எங்கே போவீர்கள் என்று எழுதுங்கள். நாங்கள் மேப்பில் குறித்துக்கொள்கிறோம்.