நின்று உழைப்பவளுக்கு மட்டும் ஏன் இந்த வெட்டு?

ஜனவரி தொடங்கி மே வரை ஐந்து மாதம், இறந்துபோன முன்னாள் கணவர் கணக்கில் எனக்கு வரவேண்டிய அரசு உதவித்தொகை ஒரு டாலர்கூட வராது. நான் வேலைக்குப் போகிறேன் என்பதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

எனக்கு வயது 61. நியூஜெர்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பதினான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்தி, பிறகு விவாகரத்தாகிப் போனவர் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். திருமணம் பத்து ஆண்டுகளாவது நீடித்திருந்தால், விவாகரத்தான மனைவிக்கும் 60 வயதிலிருந்து அவர் கணக்கில் உதவித்தொகை உண்டு என்கிறது அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி சட்டம், அதாவது சம்பளத்தில் வரி பிடித்து ஓய்வுக்காலத்தில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் தரும் அரசுத் திட்டம். இதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து அண்ணி போன் செய்தார். "ஆளே வேண்டாம் என்று வந்துவிட்டாய், அவர் காசு மட்டும் எதற்கு?" என்றார். வயிறு எரிந்தது. வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தரும் ஹெச்-4 விசாவில், வேலை பார்க்க அனுமதி இல்லாமல் நான் வீட்டில் கிடந்த காலம் எத்தனை! அவர் அலுவலகம் போய் வரி கட்டினார் என்றால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுத்தது யார்? இரண்டு பிள்ளைகளை வளர்த்தது யார்? அவருடைய இரண்டாவது மனைவிக்குப் போகும் தொகையில் என்னால் ஒரு சென்ட்கூடக் குறையாது. இது பிச்சை இல்லை, அண்ணி.

அந்த உரிமையைத்தான் வெட்டுகிறார்கள். முழு உதவித்தொகை கிடைக்கிற 'முழு ஓய்வு வயதை' (எனக்கு அது 67) எட்டாதவர் 2025-இல் 23,400 டாலருக்கு மேல் சம்பாதித்தால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடித்தம். என் சம்பளம் 38,000. பிடித்தம் 7,300. மாதம் 1,500 வருகிறவளுக்கு அது ஐந்து மாதப் பணம்!

வங்கி வட்டியும் பங்கு ஈவுத்தொகையும் எவ்வளவு வந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. உட்கார்ந்த இடத்தில் வருகிற பணத்துக்கு வெட்டு இல்லை. எட்டு மணி நேரம் கவுன்டரில் நின்று, வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் தடம் காலில் பள்ளமாகப் பதிந்திருக்கிறதே, அந்தப் பணத்துக்குத்தான் வெட்டு. எந்த ஊர் நியாயம் இது?

முழு ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்த வெட்டை நீக்கிவிட்டது. எங்களை ஏன் விட்டுவைத்தார்கள்? பிடித்த மாதங்களைக் கணக்கிட்டு 67 வயதில் மாதத் தொகையைக் கூட்டித் தருவார்கள். சரி. அதுவரை ஆறு ஆண்டுகள் வீட்டுக்காரர் வாடகைக்குக் காத்திருப்பாரா?

நேற்று மேலாளர், சனிக்கிழமைகளிலும் வர முடியுமா என்று கேட்டார். மணிக்கு 18 டாலர். அதில் 9 டாலருக்குச் சமமாக உதவித்தொகை போய்விடும், வரி வேறு. செய்யத் தெம்பு இருக்கிறது, பணத்தேவையும் இருக்கிறது. வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.