ஆசாத் அல் அசாரில் படிக்கவில்லை

கோத்தகிரி பள்ளியின் தேசியக் கல்வி தினப் பதிவில் அபுல் கலாம் ஆசாத் கெய்ரோவின் அல் அசார் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர் என்று போட்டிருக்கிறீர்கள், அது தவறு அண்ணா. பல காலமாகச் சுற்றும் கதைதான், ஆசாத்தே மறுத்திருக்கிறார். 1888இல் மெக்காவில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, தந்தையிடமும் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமும் பாடம் கற்றவர். எகிப்துக்குப் போனது உண்மை, ஆனால் இளைஞராகச் சுற்றுப்பயணமாக. பட்டமே இல்லாதவர்தான் நாட்டின் முதல் கல்வி அமைச்சர், அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் சுவையாக இருக்குமே!

அப்புறம், ஐம்பதுகளில் நம் மலைப் பள்ளிகளையெல்லாம் அவர்தான் திறந்தார் என்பதும் சரியில்லை. அப்போது பள்ளிக்கல்வி மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசுகளின் பொறுப்பில் இருந்தது, மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சேர்ந்த பொதுப் பட்டியலுக்குப் போனது 1976இன் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில்தான். அவர் காலத்தில் டெல்லி செய்தது வேறு: 1951இல் கரக்பூர் ஐஐடி, 1953இல் பல்கலைக்கழக மானியக் குழு.

பதவிக்காலத்தையும் 1964 வரை என்று போட்டிருக்கிறீர்கள். 1958 பிப்ரவரி 22இல் இறந்துவிட்டார், அதுவும் அமைச்சராக இருக்கும்போதே.