மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் மண்ணையும் பாருங்கள்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியின் தென்னந்தோப்பு, 2015இல் அகழாய்வு தொடங்குவதற்குள் வீட்டுமனைகளாகியிருந்தால், சுமார் 110 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தொல்லியல் மேட்டைப் பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அது தப்பியதற்குச் சட்டம் காரணமன்று. நிலம் தோப்பாகவே நீடித்தது, அவ்வளவுதான்.

நம் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. ஆனால் இன்னும் எவராலும் அறிவிக்கப்படாத, நெல்லோ கரும்போ விளையும் நகர விளிம்பு வயலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இங்கிலாந்தில் 1990இலேயே, அனுமதி வழங்குவதற்கு முன் நிலத்தின் தொல்லியல் வாய்ப்பை மதிப்பிட வேண்டும், அதன் செலவைக் கட்டுமானம் செய்பவரே ஏற்க வேண்டும் என்ற நடைமுறை வந்துவிட்டது.

நமக்கும் தேவையான இந்த மதிப்பீடு உடனே குழி தோண்டுவதில் தொடங்குவதில்லை. பழைய நில அளவைப் பதிவேடுகளிலும் புல வரைபடங்களிலும் திடல், நத்தமேடு, கோட்டைமேடு, தாழிக்காடு போன்று பழைய குடியிருப்பையோ இடுகாட்டையோ நினைவூட்டும் பெயர்கள் உள்ளனவா என்று தேடுவதே முதல் வேலை. அடுத்து, உழவு முடிந்து பயிர் முளைக்காத நாட்களில் வயலை வரிசையாக நடந்து, கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் கூரை ஓடுகளும் எங்கே அடர்ந்து கிடக்கின்றன என்று குறிக்க வேண்டும். ஆற்றங்கரை வயல்களில் இது மட்டும் போதாது. வண்டல் படிந்த இடத்தில் மேற்பரப்பு சுத்தமாக இருப்பதை வைத்து, கீழே ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவது பெரும் பிழை. அங்கே தோண்டாமலே நிலத்தடியில் உள்ளதைக் காட்டும் தரை ஊடுருவும் ராடாரும், ஐயம் எழும் இடங்களில் சிறிய மாதிரிக் குழிகளும் தேவை. சாதாரண உழவு மேலடுக்கை மட்டுமே கலைக்கும், அதற்கடியில் சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறும் செங்கல் சுவரும் குலையாமல் இருக்கக்கூடும். அடித்தளமும் கழிவுநீர்த் தொட்டியும் தோண்டினால்தான் அவை திரும்பப் பெற முடியாதபடி அழிகின்றன.

விவசாயி அஞ்சுவதில் நியாயம் உண்டு. பானை ஓடு கிடைத்ததாகச் சொன்னால் நிலம் போய்விடும் என்று நினைப்பவர், அதை வரப்பில் வீசிவிட்டு வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வார். ஆகவே மதிப்பீட்டுக்குக் கால வரம்பும், பயிர் இழப்புக்கு ஈடும் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நிலங்களில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் கிடைக்காது என்றே எதிர்பார்க்கிறேன். அப்படி எழுதித் தரும் அறிக்கை உரிமையாளருக்கும் பயன்படும்.

தொடங்குவதற்குப் புதிய ஆய்வுகூட வேண்டியதில்லை. வைகைப் படுகையில் 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய கள ஆய்வு 293 தொல்லியல் இடங்களை ஏற்கெனவே பட்டியலிட்டது. அவற்றின் புல எண்களை மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அலுவலகங்களுக்கு அனுப்பி, அந்த எண்களில் விண்ணப்பம் வந்தால் தொல்லியல் துறையின் கருத்தைக் கட்டாயமாகக் கேட்க வைக்க ஓர் அரசாணை போதும்.